ஜெனரலின் அளவுகோலும் வலிகாமத்துக் காணியும்



பன்னாட்டுக் கூட்டணிகளில் மூத்த இராணுவ ஆலோசகர் என்ற பதவியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றிப் பேச இன்று என்னை அழைத்திருக்கிறீர்கள். இது பிரசெல்ஸுக்கும் நியூயோர்க்குக்கும் உரிய தலைப்பு, யாழ்ப்பாணத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தெல்லிப்பழையிலிருந்தோ மயிலிட்டியிலிருந்தோ வந்து இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவர்கள் தங்கள் வளவுக்குத் திரும்பலாமா கூடாதா என்ற கேள்வி, ஓய்வுபெற்ற ஓர் இந்திய ஜெனரலின் மேசைக்குப் போயிருந்தது. அவர் பெயர் சதீஷ் நம்பியார். அவரை அழைத்தது இலங்கை அரசாங்கம். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியைப் பற்றித்தான் இன்று நான் அதிகம் பேசப்போகிறேன். ஆலோசகர் கெட்டிக்காரரா, நேர்மையானவரா என்று விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அவரிடம் கேள்வியை எழுதிக் கொடுத்தது யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பவற்றையும் விசாரிக்க வேண்டும். என் அனுபவத்தில் இந்த இரண்டையும் நாம் போதிய அளவு விசாரித்ததில்லை.

முதலில் அந்தப் பதவி எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

நேட்டோ 1949இல் உருவானபோதே அதற்கு ஓர் இராணுவக் குழுவும் உருவானது. முதல் தலைவர் அமெரிக்க ஜெனரல் ஒமர் பிராட்லி. இன்று அந்தக் கூட்டணியில் 32 நாடுகள் இருக்கின்றன. பின்லாந்து 2023 ஏப்ரலிலும் சுவீடன் 2024 மார்ச்சிலும் சேர்ந்தன. இராணுவக் குழுவின் தலைவரை உறுப்பு நாடுகளின் படைத்தலைவர்கள் கூடி வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். வழக்கமாகப் பதவிக்காலம் மூன்று ஆண்டு. அவர்தான் கூட்டணியின் செயலாளர் நாயகத்துக்கும் வட அத்திலாந்திக் சபைக்கும் தலைமை இராணுவ ஆலோசகர். ஆனால் அவருடைய கட்டளைக்கு ஒரு பற்றாலியன்கூட அசையாது. படைகளுக்குக் கட்டளையிடுபவர் வேறொருவர். ஐரோப்பாவுக்கான அந்த உச்சத் தளபதி பதவி எப்போதும் ஓர் அமெரிக்கருக்கே போகிறது. ஆலோசகர் பதவியோ நெடுங்காலமாக ஐரோப்பியர் ஒருவருக்கு, அல்லது ஒரு கனேடியருக்குப் போகிறது. பனிப்போர் முடிந்த ஆண்டுகளில், 1989 முதல் 1993 வரை, அந்த நாற்காலியில் இருந்தவர் விக்லைக் ஐடெ என்ற நோர்வேஜிய ஜெனரல்.

கட்டளை இல்லாத இந்தப் பதவிக்கு என்ன மதிப்பு? அவர் வாய் திறக்கும்போது 32 படைத்தலைவர்கள் இணங்கிய கருத்து ஒன்று அவருக்குப் பின்னால் நிற்கிறது. படையே இல்லாத ஐஸ்லாந்துக்கும் அங்கே ஓர் இருக்கை உண்டு; அதில் சிவில் அதிகாரி ஒருவர் அமர்கிறார். எல்லோரும் இணங்கினால்தான் கருத்து வெளியே போகும். ஆகவே அந்த ஆலோசகர் தன் சொந்த நாட்டுக்கு மட்டும் பதில் சொல்பவர் அல்லர். அரசியல் தலைவர்கள் அவர் சொன்னதைத் தள்ளிவிடலாம், அது அவர்களுடைய உரிமை. ஆனால் தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று பின்னாளில் அவர்கள் சாதிக்க முடியாது. கூட்டணியில் ஆலோசகரை வைத்திருப்பதன் முதற்பயன் இதுதான் என்பது என் எண்ணம்.

ஐக்கிய நாடுகள் சபையின் கதை இவ்வளவு ஒழுங்கானதல்ல. சாசனத்தின் 47ஆம் உறுப்புரை இராணுவப் பணியாளர் குழு ஒன்றை ஏற்படுத்தியது. வல்லரசுகளின் பிணக்கில் அது தொடக்கத்திலேயே செயலிழந்தது. அதனால் செயலாளர் நாயகங்கள் தங்களுக்கென்று ஆலோசகர்களைத் தேடிக்கொண்டார்கள். 1960இல் கொங்கோ நெருக்கடி வெடித்தபோது டாக் ஹமர்ஷோல்ட் இந்திய அதிகாரியான இந்தர்ஜித் ரிக்கியைத் தம் இராணுவ ஆலோசகராக வைத்துக்கொண்டார். பின்னர் ஊ தாண்டுக்கும் அவரே ஆலோசகர். அதே ரிக்கி 1967 மே மாதம் காசாவில் ஐ.நா. அவசரகாலப் படையின் தளபதியாக இருந்தார். மே 16ஆம் திகதி இரவு, எல்லையிலிருந்து உங்கள் படையை விலக்கிக்கொள்ளுங்கள் என்று எகிப்திய இராணுவத் தலைமையின் கடிதம் அவர் கைக்கு வந்தது. இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை, செயலாளர் நாயகத்துக்கே உண்டு என்று சொல்லி அவர் அதை நியூயோர்க்குக்கு அனுப்பினார். மூன்று வாரத்துக்குள் போர் மூண்டது. அந்தக் கடிதத்தை அந்த இரவே ரிக்கி ஏற்றிருந்தாலும் மறுத்திருந்தாலும் அவர் தம் எல்லையை மீறியவர் ஆகியிருப்பார். அந்த எல்லையை அறிந்து நடந்ததால்தான் அவர் மதிக்கப்படுகிறார்.

இன்னொரு தாளும் உண்டு, வாசிக்கவே மனம் நடுங்கும். 1994 ஜனவரி 11. ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய கனேடிய ஜெனரல் றோமியோ டலேர், நியூயோர்க்கில் இருந்த இராணுவ ஆலோசகர் மொறிஸ் பரிலுக்கு ஒரு தொலைநகல் அனுப்பினார். கிகாலியில் ஆயுதங்கள் பதுக்கப்பட்டிருக்கின்றன, துட்சி மக்களைக் கொல்வதற்கு ஆயத்தம் நடக்கிறது, நான் அந்தக் களஞ்சியங்களைக் கைப்பற்றப் போகிறேன் என்பது அதன் சாரம். பதில் அமைதிகாக்கும் திணைக்களத்தின் தலைமையிலிருந்து வந்தது: வேண்டாம், அது உங்களுக்கு அளிக்கப்பட்ட ஆணைக்குள் இல்லை. ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. ஏறத்தாழ நூறு நாளில் சுமார் 8 இலட்சம் பேர் மாண்டார்கள். களத்திலிருந்து வரும் உண்மை ஆலோசகர் வரைக்கும் வந்துசேர்ந்தது. அதற்கப்பால் அரசியல் முடிவெடுப்பவர்கள் வரைக்கும் அதே வேகத்தோடு போகவில்லை. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலும் இதே இடைவெளி இருந்தது.

1987 ஜூலை 29இல் இந்திய – இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்தியப் படை பலாலியில் வந்து இறங்கியது. ஒட்டுமொத்தப் படைக்கும் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங். யாழ்ப்பாணத்தில் நின்ற 54ஆவது டிவிஷனுக்குத் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். டில்லியில் இராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் கே. சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்த தமிழர். விடுதலைப் புலிகளுக்கு எதிராகக் கடும் நடவடிக்கையில் இறங்குவது பற்றி டில்லியில் பேச்சு எழுந்தபோது, அந்த வழியில் போனால் பத்து இருபது ஆண்டுகளுக்கு மாட்டிக்கொள்வோம் என்று சுந்தர்ஜியிடம் தாம் சொன்னதாகவும், தோல்வி மனப்பான்மையோடு பேசாதே என்று பதில் வந்ததாகவும் தீபிந்தர் சிங் பிற்காலத்தில் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். ஹர்கிரத் சிங் தம் நூலில் வேறொன்றை எழுதியிருக்கிறார். 1987 செப்டம்பரில், பேச்சுக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி இந்திய உயர்ஸ்தானிகர் ஜே.என். டிக்சிட் தம்மிடம் சொன்னார், வெள்ளைக்கொடிக்குக் கீழே பேச வருபவரைச் சுடுவது இராணுவ ஒழுக்கம் அல்ல என்று தாம் மறுத்துவிட்டார் என்பது அவர் கூற்று. இரண்டு ஜெனரல்களும் தங்கள் தொழிலின் அறிவிலிருந்தும் ஒழுக்கத்திலிருந்தும் பேசியிருக்கிறார்கள். அக்டோபர் 10ஆம் திகதி போர் தொடங்கியது. 11ஆம் திகதி இரவு பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படை வீரர் முப்பது பேரில் ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார். அதே மாதம் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நடந்த படுகொலையை இந்த ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை.

சரியான ஆலோசனை இருந்தது. அது மூடிய அறையில் சொல்லப்பட்டு, மூடிய அறையிலேயே நிராகரிக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து நினைவுநூலாக வெளிவந்தது. இழப்பைச் சுமந்தவர்களோ அந்த அறைக்கு வெளியே நின்ற யாழ்ப்பாணத்துச் சனங்களும், அந்த வயல்வெளிகளில் விழுந்த இந்தியச் சிப்பாய்களும்.

பதினைந்து ஆண்டு கழித்து நமது மண்ணுக்கு வேறு விதமான ஜெனரல்கள் வந்தார்கள். 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை. அதைக் கண்காணிக்க நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கண்காணிப்புக் குழு. முதல் தலைவர் ட்ரொண்ட் ஃபுருஹோவ்ட, தெற்கு லெபனானில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற நோர்வேஜிய மேஜர் ஜெனரல். இவர்களிடம் துப்பாக்கி இல்லை. இருந்தது ஒரே அதிகாரம்: உடன்படிக்கையின் பொருள் இதுதான் என்று இறுதியாகச் சொல்லும் அதிகாரம். யாழ்ப்பாணத்தில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒன்றும் இருந்தது. அரசாங்கம் நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், தலைவராக வெளிநாட்டவர் ஒருவர் என அதில் ஐந்து பேர். அந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஒரு குடியானவர் தன் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கக்கூடிய வாசல் ஒன்று, அந்தக் காலத்தில் அதிகம் வேறெங்கும் இருக்கவில்லை.

அவர்களும் நெருக்கப்பட்டார்கள். இரண்டாவது தலைவர் டெலெஃப்சனை மாற்றும்படி 2003 அக்டோபரில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நோர்வேயிடம் கேட்டார். கடற்படை நடவடிக்கை ஒன்றின் தகவல் புலிகளுக்குப் போனது என்பது அவர் குற்றச்சாட்டு. ஃபுருஹோவ்ட திரும்பவும் வந்தார். 2006இல் தலைவராக இருந்தவர் சுவீடனின் உல்ஃப் ஹென்றிக்சன். அந்த ஆண்டு மே 29இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று கண்காணிப்புக் குழு முன்கூட்டியே எச்சரித்திருந்ததாக அவர் பின்னர் சொன்னார். நடந்ததும் அதுதான். ஒன்றிய நாடுகளின் கண்காணிப்பாளர் செப்டம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். சுவீடன்காரர், பின்லாந்துக்காரர், டென்மார்க்காரர் எல்லோரும் போனார்கள். நோர்வேயும் ஐஸ்லாந்தும் எஞ்சின. போவதற்கு முன், ஆகஸ்ட் இறுதியில், மூதூரில் 17 தொண்டுப் பணியாளர் கொல்லப்பட்ட சம்பவத்துக்கு அரச பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்ற கண்காணிப்புக் குழுவின் தீர்ப்பை ஹென்றிக்சன் வெளியிட்டுவிட்டுப் போனார். போகிற போக்கில் சொன்னது என்று சிலர் குறைத்துப் பேசினார்கள். இருக்கிறபோது சொல்லத் துணியாமல் நினைவுநூலுக்கு ஒத்திவைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி நம்பியாரிடம் வருகிறேன்.

போர்நிறுத்த உடன்படிக்கையில் இராணுவம் கோயில், தேவாலயங்களை 30 நாளிலும் பாடசாலைகளை 160 நாளிலும் விட்டுவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. தளங்களைச் சுற்றி மக்களுக்கு மூடப்பட்ட உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் இருந்த வழிபாட்டிடங்களுக்கு ஒரு விலக்கு: படையினர் விலகினாலும் அவற்றை மக்களுக்குத் திறக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் நெருடலே அந்த விலக்கில்தான் இருந்தது. வலிகாமம் வடக்கில் பலாலி, காங்கேசன்துறை, மயிலிட்டி, ஊறணி, தையிட்டி, வசாவிளான், கட்டுவன் என்று 1990 ஜூன் நடுப்பகுதியில் உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் பன்னிரண்டு ஆண்டாகச் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள். செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்த கைகள் நிவாரண அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஏ-9 வீதி திறந்துவிட்டது, கொழும்பிலிருந்து பஸ் வருகிறது, கீரிமலைக்கு மட்டும் அந்த ஊரவர் போக முடியாது. சமாதானம் வந்துவிட்டது என்றால் எங்கள் வளவு எங்கே என்று அவர்கள் கேட்டதில் என்ன பிழை?

2002 நவம்பரில், தாய்லாந்தில் நடந்த இரண்டாம் சுற்றுப் பேச்சில், படைத்தணிவுக்கும் இயல்புநிலைக்குமான உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. டிசம்பரில் யாழ்ப்பாணப் பாதுகாப்புப் படைத் தளபதி சரத் பொன்சேகா தம் நிலைப்பாட்டை எழுத்தில் வைத்தார். வலயங்கள் விலக வேண்டுமானால் புலிகள் ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். புலிகள் அந்த உபகுழுவிலிருந்து விலகினார்கள். பேச்சு இந்த இடத்தில் முட்டி நின்றபோதுதான், வெளியாள் ஒருவரின் இராணுவக் கண்ணால் இதைப் பார்க்கலாம் என்று ரணில் விக்கிரமசிங்க அரசாங்கம் நம்பியாரை அழைத்தது.

நம்பியாரின் தகுதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மராட்டிய இலகு காலாட்படை அதிகாரி, 1965, 1971 போர்களைக் கண்டவர். 1992 மார்ச்சில் பழைய யூகோஸ்லாவியாவுக்குப் போன ஐ.நா. பாதுகாப்புப் படையின் முதல் தளபதி. சரயேவோவில் தலைமையகம் அமைத்த சில வாரத்தில் அந்த நகரமே போர்க்களமாயிற்று. ஓராண்டு முடிந்ததும் நீடிப்பை ஏற்காமல் திரும்பினார். இந்திய இராணுவத்தின் துணைத் தளபதிகளில் ஒருவராக 1994இல் ஓய்வுபெற்று, டில்லியில் ஐக்கிய சேவை நிறுவனத்துக்குப் பணிப்பாளரானார். 1999இல் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு பொழிந்தபோது அந்தத் தலையீட்டின் அடிப்படைக் கோளாறுகளை வெளிப்படையாக எழுதினார். அவ்வளவு பெரிய கூட்டணியை நோக்கி அப்படிப் பேசக்கூடியவரிடமிருந்து யாழ்ப்பாணம் நிறைய எதிர்பார்த்திருக்கலாம்.

அவருடைய அறிக்கையின் போக்கைச் சுருக்கமாகச் சொன்னால்: தளங்களின் பாதுகாப்பைக் குலைக்காமல் சில பகுதிகளில் கட்டங்கட்டமாக மீள்குடியேற்றலாம். ஆனால் வலயத்தைத் தனியாக எடுத்துத் தீர்க்க முடியாது, புலிகளின் நீண்டதூர ஆயுதங்கள் பற்றிய நடவடிக்கைகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். புலிகள் இதை ஏற்கவில்லை. அதே 2003இல், மாவிட்டபுரத்துக்காரரான மாவை சேனாதிராஜா வலயத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். ஆலோசகரின் அறையில் ஒலிக்காத குரல் நீதிமன்றத்தில் ஒலித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, இராணுவக் கணக்கை இராணுவக் கணக்காகவே பார்ப்போம். உணர்ச்சியால் மட்டும் பேசுகிறோம் என்று நம்மைத் தள்ளிவிடுவதற்கு இடம் வைக்கக்கூடாது.

பலாலி விமானத்தளத்துக்கு அச்சுறுத்தல் கற்பனையல்ல. 1995 ஏப்ரல் 28, 29ஆம் திகதிகளில் அடுத்தடுத்து இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன. தரைவழி இல்லாத காலத்தில் குடாநாட்டில் நின்ற படைக்கு அந்த ஓடுபாதையும் காங்கேசன்துறைத் துறைமுகமும்தான் உயிர்நாடி. ஆகவே சுற்றிவர ஓர் இடைவெளி வேண்டும் என்று தளபதி ஒருவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. எவ்வளவு இடைவெளி? தோளில் வைத்து ஏவும் ஏவுகணைக்கும் 81 மில்லிமீற்றர் மோட்டாருக்கும் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். 120 மில்லிமீற்றர் மோட்டாருக்கு 7 கிலோமீற்றர் அளவில். வலிகாமம் வடக்கின் அகலம் இந்தக் கணக்குக்குள் அடங்கும். ஆனால் 130 மில்லிமீற்றர் பீரங்கி 27 கிலோமீற்றர் வரை எட்டும். பூநகரிப் பக்கம் கல்முனை முனையில் அதை வைத்தால் கடல்நீரேரியைத் தாண்டி, யாழ்ப்பாண நகரத்தைத் தாண்டி, வலயத்தையும் தாண்டிப் பலாலியில் விழும். 2006 ஆகஸ்டில் அப்படித்தான் விழுந்தது. அந்த நாளில் வலிகாமம் வடக்கின் வலயம் முழுவதும் வெறுமையாகத்தான் கிடந்தது. வெறுமையாகக் கிடந்ததால் ஓர் எறிகணையும் நின்றுவிடவில்லை.

இதிலிருந்து என்ன பெறப்படுகிறது? நீண்டதூரப் பீரங்கியை வலயம் தடுப்பதில்லை. தடுக்காத ஒன்றைக் காரணம் காட்டி வலயத்தை வைத்திருக்க முடியாது. மீள்குடியேற்றத்தை நீண்டதூர ஆயுதங்களோடு பிணைத்தது பேரம்பேசுவதற்கு ஒரு துருப்பாக இருந்திருக்கலாம், இராணுவத் தேவையாக இருந்திருக்க முடியாது. பேரத்துக்குரியதை இராணுவத் தேவை என்ற பெயரில் ஒரு நிபுணர் எழுதிவிட்டால், பேரமேசையில் கேள்வி கேட்க வேண்டியவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். இதுதான் என் குற்றச்சாட்டு.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் வைக்கிறேன். தூரத்துப் பீரங்கிக்குக் கிட்டத்தில் கண் வேண்டும். எறிகணை எங்கே விழுந்தது என்று பார்த்துத் திருத்தம் சொல்ல ஒருவர் வேண்டும். சனங்கள் குடியேறினால் அவர்களோடு அந்த ஆளும் வந்துவிடுவார் என்று படைத்தளபதி சொல்வார். சரி, அது தொழில்ரீதியான கவலை. அந்தக் கவலைக்கு மருந்து என்ன? குடும்பப் பதிவு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், போக்குவரத்துக்கு ஒழுங்கு, மீறல் நடந்தால் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் முறைப்பாடு. அந்தக் குழு யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்திருந்தது. ஓர் ஆளை அடையாளம் காண முடியாது என்பதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பன்னிரண்டு ஆண்டு வெளியே நிறுத்துவது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. நெல்லில் கல் இருக்கிறது என்று மூட்டையைக் கடலில் கொட்டுவாரா யாராவது?

நம்பியார் இதையெல்லாம் அறியாதவர் அல்லர். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, தளங்களுக்கு ஆபத்து வராமல் எவ்வளவு நிலம் விடலாம் என்பது. அதற்குரிய பதிலை அவர் கொடுத்தார். இந்த மக்கள் திரும்புவதற்குத் தளங்கள் எப்படி மாற வேண்டும் என்று கேட்டிருந்தால், அதே ஜெனரல், அதே வரைபடத்தை விரித்து, வேறோர் அறிக்கையை எழுதியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓடுபாதையின் அணுகுதிசையைக் காப்பது எப்படி, முன்னரணை எங்கே சுருக்குவது, துறைமுகத்தை மீனவரோடு எப்படிப் பகிர்வது என்பவை எல்லாம் இராணுவ அறிவு விடைசொல்லக்கூடிய வினாக்கள்தாம். அவற்றைக் கேட்பதற்கு அந்த மேசையில் யாரும் இருக்கவில்லை. பேச்சுவார்த்தையின் ஒரு தரப்பு அவரை நியமித்தது, மறு தரப்பு அவரை ஏற்கவில்லை, காணிக்காரரை இரண்டு தரப்பும் கேட்கவில்லை. நேட்டோவின் ஆலோசகருக்குப் பின்னால் படையே இல்லாத ஐஸ்லாந்தின் இணக்கமும் நிற்கிறது என்று சற்று முன்னர் சொன்னேன். பலாலிக்குப் போன ஆலோசகருக்குப் பின்னால் மயிலிட்டியின் இணக்கம் இருக்கவில்லை.

இப்படிச் சொல்வதால், ஆலோசகர் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படைத்தளபதி தன் தளத்தைத்தான் காப்பார், அது அவர் கடமை. அரசியல்வாதிக்கு மோட்டார் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. தளபதி சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியவராகிறார், அல்லது அஞ்சி ஒதுங்குகிறார். இருவருக்கும் நடுவில், தொழிலறிவு உள்ள, தளத்தைச் சாராத ஒருவர் நின்று, இவ்வளவு தேவை, இவ்வளவு தேவையில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் இல்லாத ஊரில் எல்லாமே தேவையாகிவிடும். யாழ்ப்பாணம் அப்படி ஆனதை 2009க்குப் பிறகு பார்த்தோம்.

போர் முடிந்தது. பீரங்கியும் இல்லை, ஏவுகணையும் இல்லை, கண்ணாக இருந்து திருத்தம் சொல்ல ஆளும் இல்லை. அதன் பிறகு, 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கிலும் அதைச் சூழ்ந்தும் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணிக்காரரைக் கண்டறிய முடியவில்லை என்று அவற்றில் எழுதியிருந்தது. அந்தக் காணிக்காரர் சுன்னாகத்தில் அரசாங்கமே நடத்திய நலன்புரி நிலையங்களில், அரசாங்கமே கொடுத்த அட்டையோடு இருந்தார்கள். உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு தெல்லிப்பழையில் தெருவுக்கு வந்தார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள். எந்த நம்பியாரும் அப்போது அழைக்கப்படவில்லை. எந்த ஆயுதத்துக்கு எதிராக இந்த 6,381 ஏக்கர் என்று தொழில்முறையில் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

2015 முதல் துண்டுதுண்டாக நிலம் விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில். சென்னையிலிருந்து பலாலிக்கு 2019 அக்டோபரில் விமானம் வந்தது. நான் மகிழ்ந்தேன், சொல்வதற்கு வெட்கமில்லை. ஆனால் விடப்பட்ட நிலத்தின் வேலி எந்தக் கணக்கில் அந்த இடத்தில் நின்றது, ஏன் இந்த வளவு வெளியே, அடுத்த வளவு உள்ளே என்பதற்கு யாரும் காரணம் சொன்னதில்லை. 2025 ஏப்ரலில் வசாவிளான் – பலாலி வீதி முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் திறந்தது. பகல் வேளையில் மட்டும் போகலாம், வழியில் நிறுத்தக்கூடாது, படமெடுக்கக்கூடாது, நடந்து போகக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. சொந்த ஊர் வீதியில் வாகனத்தில் போகலாம், நடக்க முடியாது என்று விதித்ததற்கு இராணுவக் காரணம் ஒன்று இருக்குமானால் அதைக் கேட்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதைச் சொல்லக்கூடிய, அல்லது அப்படி ஒரு காரணம் இல்லை என்று சொல்லக்கூடிய ஒருவர் நமக்கு வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. எஞ்சியிருக்கும் வலயக் காணிகள் பற்றி மறுபடியும் ஓர் இராணுவ ஆலோசகர், உள்நாட்டவரோ வெளிநாட்டவரோ, நியமிக்கப்பட வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கேள்வியைப் பாதுகாப்பு அமைச்சு மட்டும் எழுதக்கூடாது. வலிகாமம் வடக்குப் பிரதேச செயலகமும், மீள்குடியேற்றச் சங்கங்களும், மயிலிட்டி மீனவர் சங்கங்களும் அதில் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலிக்கும் அது எந்த ஆயுதத்திலிருந்து எதைக் காக்கிறது என்று அவர் எழுத வேண்டும். அந்த அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும். அரசாங்கம் அதை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அந்தக் காரணத்தோடு காணிக்காரர் நீதிமன்றத்துக்குப் போகட்டும். கேள்விகளை எழுதத் தொடங்குவதற்கு நியமனம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காணி உறுதியும் நில அளவைப் படமும் கையில் உள்ளவர்கள், பொறியியல் படித்த பிள்ளைகள், ஓய்வுபெற்ற நில அளவையாளர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறேன், வரைபடம் அங்கே இருக்கும்.